பிரான்சிஸ் ஃபிரேசர்: எலும்புக்கூட்டை மட்டும் வைத்து ஒரு டால்பினுக்குப் பெயரிட்டது எப்படி?

நெய்தல்மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. துறைக் கருத்தரங்கில் கடல்வாழ் பாலூட்டிகளை ஆராய்ந்த ஒருவரின் பணிவாழ்க்கையைப் பற்றிப் பேசவேண்டும் என்று சொன்னபோது, இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1933 முதல் பணியாற்றிய பிரான்சிஸ் சார்லஸ் ஃபிரேசரைத் தேர்ந்தெடுத்தேன். 1903-இல் ஸ்காட்லாந்தின் டிங்வால் ஊரில் பிறந்தவர், 1957 முதல் 1964 வரை அந்த அருங்காட்சியகத்தின் விலங்கியல் துறைத் தலைவர், 1966-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவர், 1978-இல் மறைந்தவர். இந்த அளவுக்கு எளிதாகக் கிடைத்துவிட்டது. ஆனால் இதை மட்டும் சொன்னால் ஓய்வூதியக் கோப்பைப் படித்துக் காட்டியதுபோல் இருக்கும்.

எனக்குள்ள ஐயம் வேறு. 1956-இல் அவர் ஒரு டால்பினை (இன்று ‘ஃபிரேசர் டால்பின்’ எனப்படுவது) புதிய இனமாக மட்டுமல்லாமல், இனத்துக்கு மேலுள்ள பிரிவான பேரினம் என்ற நிலையிலும் புதியதாக அறிவித்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு எலும்புக்கூடு. அந்த விலங்கின் நிறம், உடல்வாகு, வாழும் ஆழம் எதுவும் அன்று எவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட துணிவு அறிவியலில் ஏற்கத்தக்கதா? அடுத்ததாக, திமிங்கிலங்கள் கடலில் வாழ்கின்றன, அவரோ முப்பது ஆண்டுக்காலம் நகரத்தின் நடுவே ஒரு கட்டடத்தில் பணியாற்றினார். அங்கிருந்துகொண்டு அவர் உண்மையில் என்னதான் செய்தார்? விவரம் அறிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மணல்மேடு

அன்புள்ள மாணவிக்கு வணக்கம். கல்லூரியில் நெடுங்காலம் முதுகெலும்பிகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். நல்ல ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். உங்கள் இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் சொன்னால்தான் முதல் கேள்விக்கு விடை தெளிவாகும்.

ஃபிரேசர் கட்டடத்துக்குள்ளேயே இருந்தவர் அல்லர். அருங்காட்சியகத்தில் சேருவதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள், 1925 முதல் 1933 வரை, தென்பெருங்கடலில் நடந்த ‘டிஸ்கவரி’ ஆய்வுத் திட்டத்தில் விலங்கியலாளராக இருந்தார். அத்திட்டத்தின் தலைவர் ஸ்டான்லி கெம்ப், அதற்குமுன் கல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்திலும் இந்திய விலங்கியல் அளவைத் துறையிலும் பணியாற்றியவர் என்பது நம்மில் பலர் கவனிக்காத ஒரு தொடர்பு. தெற்கு ஜார்ஜியா தீவில் கிரிட்விக்கன் என்ற வேட்டை நிலையத்துக்கு அருகில் கடலாய்வுக் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. வேட்டைக்காரர்கள் மேடைக்கு இழுத்துவரும் ஒவ்வொரு திமிங்கிலத்தையும், கொழுப்பை உரித்தெடுப்பவர்கள் காத்திருக்காத நிலையில், அவர்களின் கத்திகளுக்கு இடையே புகுந்து அளந்து, வயிற்றைத் திறந்து இரை என்னவென்று பார்த்து, சூலகத்தைத் தனியே எடுத்துவைப்பது அங்கிருந்த விலங்கியலாளர்களின் வேலை. ஃபிரேசர் அக்காலத்தில் திமிங்கிலத்தின் இரையையும் விட்டுவைக்கவில்லை. இறால்போன்ற சிறு உயிரியான தென்துருவக் கிரில்லின் இளம்பருவ வளர்ச்சி நிலைகளையும் அவை பரவியிருக்கும் இடங்களையும் பற்றி 1936-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, திமிங்கிலத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமலே திமிங்கில ஆய்வுக்கு அடித்தளம் இட்ட வேலை என்பது என் கருத்து.

அருங்காட்சியகத்தில் சேர்ந்தபின் அவருக்கு வந்து சேர்ந்த பொறுப்புதான் அவருடைய வாழ்நாள் பணி. பிரிட்டனில் கரையொதுங்கும் திமிங்கிலம் சட்டப்படி அரசருக்குச் சொந்தம் என்பது இடைக்கால வழக்கம். இந்தப் பழைய உரிமையைப் பயன்படுத்தி, அருங்காட்சியகத்தின் சிட்னி ஹார்மர் 1913-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். எந்தக் கரையில் எது ஒதுங்கினாலும் கடலோரக் காவலர்களும், கப்பற்சேதப் பொருள்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளும் இலண்டனுக்குத் தந்தி கொடுக்கவேண்டும். 1913 முதல் 1926 வரையிலான பதிவுகளை ஹார்மர் தொகுத்தார். அதன்பின் அந்தத் தொகுப்பு ஃபிரேசரின் கைக்கு வந்தது: 1934, 1946, 1953 என மூன்று அறிக்கைகள் அவர் பெயரில் வெளிவந்தன. 1948 முதல் 1966 வரையிலான பதிவுகளைக் கொண்ட நான்காவது அறிக்கை 1974-இல் வந்தது. அவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றது 1964-இல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஓய்வுக்குப் பிறகும் அந்தக் கணக்கை முடிக்காமல் அவர் எழுந்திருக்கவில்லை என்பது புரியும்.

இதை எழுத்தர் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தந்தி கொடுக்கும் காவலர் விலங்கியல் படித்தவர் அல்லர். அவருக்கு அது ஒரு பெரிய மீன், அழுகத் தொடங்கிவிட்டது, ஊர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முறையிடுகிறார்கள். அவரைக்கொண்டே இனத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்காகவே படங்களுடன் ஒரு வழிகாட்டி ஏடு அனுப்பப்பட்டது. மேல்தாடையில், இரையை வடிகட்டும் பலீன் தகடுகள் தொங்குகின்றனவா, அல்லது பற்கள் இருக்கின்றனவா. பற்கள் என்றால் ஒவ்வொரு பக்கமும் எத்தனை. முதுகுத் துடுப்பு உடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால்துடுப்பின் நடுப்பிளவு வரை, உடலின் வளைவை ஒட்டாமல் நேர்க்கோட்டில் எவ்வளவு நீளம். இப்படிச் சாதாரணக் கண்ணுக்குத் தெரியும் நாலைந்து குறிகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்பதற்கு, அந்தக் குடும்பம் முழுவதையும் எலும்பு எலும்பாக அறிந்த ஒருவர் வேண்டும். நம்பமுடியாத பதில் வந்தால் தாடையெலும்பையே அனுப்பச் சொல்லலாம். ஒரு தாடையைப் பார்த்தாலே போதும் என்று சொல்லும் அளவுக்கு ஃபிரேசருக்குப் பயிற்சி இருந்தது.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்த எலும்புக்கூடு, போர்னியோ தீவின் சரவாக்கில் நிர்வாகியாக இருந்த சார்லஸ் ஹோஸ் என்பவர் லுத்தோங் ஆற்று முகத்துவாரத்துக் கடற்கரையில் எடுத்தது. 1895-க்கு முன்பே அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சேகரிப்பில் கிடந்தது. ஃபிரேசர் அதை எடுத்துப் பார்த்தபோது, பொதுத் தோற்றத்தில் அந்த மண்டையோடு வெண்பக்க டால்பின்களின் பேரினத்தை ஒத்திருந்தது. ஆனால் திருப்பிப் பார்த்தால் மேலண்ணத்தின் இருபுறமும் ஆழமான நீள்பள்ளங்கள் இருந்தன. அந்தப் பள்ளங்கள் சாதாரண டால்பினின் அடையாளம். இரண்டிலும் சேராத ஒன்றை இரண்டில் ஒன்றுக்குள் திணிப்பதைவிடத் தனிப் பேரினமாக நிறுத்துவதே நேர்மை என்று முடிவுசெய்து, அதைச் சரவாக் அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் 1956-இல் விரிவான அளவுகளுடன் வெளியிட்டார். இனப்பெயரில் ஹோஸின் பெயரையே வைத்தார்.

இது துணிவா, அவசரமா என்று கேட்கிறீர்கள். நான் இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நிகழ்வைக் காட்டுவேன். 1933-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிளாக்சோட் விரிகுடாவில் மூன்று விசித்திரமான டால்பின்கள் ஒதுங்கின. புட்டிமூக்கு டால்பினுக்கும் ரிஸ்ஸோ டால்பினுக்கும் இடைப்பட்ட குறிகள் அவற்றில் கலந்திருந்தன. ஒன்றல்ல, மூன்று மாதிரிகள் கையில் இருந்தும் ஃபிரேசர் அவற்றுக்குப் புதிய பெயர் சூட்டவில்லை. 1940-இல் வெளியிட்ட கட்டுரையில் அவற்றை இயல்புக்கு மாறானவை என்றே குறிப்பிட்டு, கலப்பினமாக இருக்கும் சாத்தியத்தைப் பேசினார். பின்னாளில் ஜப்பானின் எனோஷிமா கடற்காட்சியகத்தில் இதே இரண்டு இனங்களுக்கும் கலப்பினக் குட்டிகள் பிறந்தன. மூன்று மாதிரிகளுக்குப் பெயர் வைக்க மறுத்தவர்தான் ஒரே மாதிரிக்குப் பேரினம் வகுத்தார். எண்ணிக்கையை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. குறிகள் இரண்டின் கலவையாக மாறிமாறி வருகின்றனவா, தனக்கென ஓர் ஒழுங்குடன் நிற்கின்றனவா என்பதைத்தான் பார்த்தார். உங்கள் கருத்தரங்கில் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால் அவருடைய மனம் எப்படி வேலைசெய்தது என்பது அவையோருக்கு விளங்கும்.

முடிவும் அவருக்குச் சாதகமாகவே அமைந்தது. 1971-இல் கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே டால்பின் கிடைத்தது. 1973-இல் ‘நேச்சர்’ இதழில் அதன் மறுகண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. தடித்த உடல், மிகக் குட்டையான அலகு, உடலுக்குப் பொருந்தாத அளவில் சிறிய துடுப்புகள், கண்ணிலிருந்து மலவாய் வரை ஓடும் கரும்பட்டை. ஆழ்கடலில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வாழ்கிறது. எலும்பைப் பார்த்து அவர் சொன்னது எதையும் திருத்தவேண்டி வரவில்லை. அதை அறிய அவர் உயிரோடிருந்தார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தரும் செய்தி.

செவிப்பறை

மணல்மேடு ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். நான் ஒலியியல் துறையில் இருப்பவன் என்பதால் ஃபிரேசரை அறிந்தது டால்பின் வழியாக அல்ல, காது வழியாக.

நீருக்குள் மனிதனால் ஒலி வரும் திசையைச் சரியாக அறிய முடியாது. தண்ணீரின் அடர்த்தியும் நம் உடலின் அடர்த்தியும் நெருங்கியிருப்பதால், ஒலி மண்டையோடு முழுவதையும் அதிரவைத்து இரண்டு காதுகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டிவிடுகிறது. திமிங்கிலத்துக்கு இந்தக் குறை இல்லை. ஏன் என்ற கேள்விக்கு உடற்கூற்றின் வழியே தெளிவான விடை தந்தவர்கள் ஃபிரேசரும், அதே அருங்காட்சியகத்தில் அவரோடு பணியாற்றிய பி. இ. பர்வஸும்தான். திமிங்கிலத்தின் காதெலும்புகள் மண்டையோட்டோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கவில்லை. அவற்றைச் சுற்றிலும் காற்றும் நுரையும் நிறைந்த பைகள் இருக்கின்றன. நுரை ஒலியைத் தடுப்பதால் ஒவ்வொரு காதும் தனித்தனியாகக் கேட்கிறது. 1960-இல் வெளிவந்த அவர்களுடைய பெரிய ஆய்வேடு, இந்தக் காற்றுப்பைகள் ஒவ்வொரு திமிங்கிலக் குடும்பத்திலும் எப்படி விரிந்திருக்கின்றன என்பதை வரிசையாகக் காட்டுகிறது. மெல்லிய பைகள் அழுகினால் தடமின்றிப் போய்விடும். ஆனால் எலும்பில் அவை பதிந்த பள்ளங்கள் நிலைத்திருக்கும் என்பதால், பல்வேறு குடும்பங்களின் மண்டையோடுகள் ஒரே கூரையின்கீழ் இருந்த இடத்தில்தான் அந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று.

முழுமையாகச் சொல்லவேண்டும் என்பதற்காக இதையும் குறிப்பிடுகிறேன். ஒலி உட்காதுக்குப் போகும் பாதை எது என்பதில் அவர்களுடைய முடிவு நிலைக்கவில்லை. குறுகிப்போன வெளிக்காதுக் குழாய் வழியாகவே ஒலி செல்கிறது என்று அவர்கள் கருதினார்கள். பல்லுடைய திமிங்கிலங்களில் கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பின் வழியாக ஒலி செல்கிறது என்று 1960-களில் கென்னத் நாரிஸ் முன்வைத்த கருத்தே பின்னர் சோதனைகளால் உறுதிப்பட்டது. காதைத் தனிமைப்படுத்தும் நுரைப்பைகள் பற்றிய பகுதி இன்றும் நிற்கிறது. கருத்தரங்கில் இரண்டையும் சொல்லுங்கள், சகோதரி.

இதே ஆய்வின் ஓரத்தில் கிடைத்த ஒரு பொருள், பிற்காலத்தில் மையத்துக்கே வந்துவிட்டது. பலீன் திமிங்கிலங்களின் காதுக்குழாய் வெளிப்புறம் மூடிக்கிடப்பதால் உள்ளே மெழுகு வெளியேற வழியின்றி ஆண்டாண்டாகச் சேர்கிறது. நீண்டு கூம்பிய அந்த மெழுகடைப்பை நீளவாக்கில் அறுத்தால் வெளிர்நிறமும் கருநிறமும் மாறிமாறி வரும் அடுக்குகள் தெரியும். இவற்றை எண்ணி வயதைக் கணிக்கலாம் என்பதை 1955-இல் பர்வஸ் வெளியிட்டார். அதற்குமுன் பலீன் தகட்டின் மேடுகளையும், சூலகத்தில் எஞ்சும் வடுக்களையும் வைத்துத்தான் வயதைக் கணித்துவந்தார்கள். பலீன் நுனியில் தேய்ந்துகொண்டே போவதால் முதிய விலங்குகளில் அது பயன்படாது.

நெய்தல்மகள்

மணல்மேடு ஐயாவுக்கும் செவிப்பறை அவர்களுக்கும் மிக்க நன்றி. பிளாக்சோட் விரிகுடா நிகழ்வை நான் அறிந்திருக்கவில்லை. அதை நடுவில் வைத்தே பேசப்போகிறேன்.

மனத்தை உறுத்தும் ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கிரிட்விக்கன் மேடையைப் பற்றிப் படித்தபோது, இந்த அறிவு முழுவதும் கொலைக்களத்திலிருந்து வந்தது என்ற எண்ணம் அகலவில்லை. என் வகுப்புத் தோழர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். ஃபிரேசரைப் பாராட்டும்போது இதை எப்படிச் சொல்வது?

கலங்கரை

நெய்தல்மகள், நீங்கள் இதைக் கேட்டது சரி. மறைக்காமல் சொல்வதே வழி என்று நினைக்கிறேன்.

டிஸ்கவரி திட்டத்துக்கான பணம், பாக்லாந்து தீவுகளைச் சார்ந்த பகுதிகளில் எடுக்கப்பட்ட திமிங்கில எண்ணெய்மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்து வந்தது. பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் அலுவலகம் திட்டத்தைத் தொடங்கியதற்குக் காரணம், வடக்குக் கடல்களில் நடந்ததுபோல் தெற்கிலும் திமிங்கிலம் அற்றுப்போனால் வருவாயும் அற்றுப்போகும் என்ற அச்சம். எனவே அந்த ஆய்வாளர்கள் வேட்டையை நிறுத்த அனுப்பப்பட்டவர்கள் அல்லர், அதை நீடிக்கவைக்க அனுப்பப்பட்டவர்கள். ஆனாலும் அவர்கள் எடுத்த அளவுகளே, ஒரு நீலத் திமிங்கிலம் எந்த நீளத்தில் பருவமடைகிறது, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை குட்டி ஈனுகிறது என்பவற்றை முதன்முறையாக எண்ணிக்கையில் காட்டின. இவ்வளவு மெதுவாகப் பெருகும் விலங்கு இவ்வளவு விரைவான வேட்டையைத் தாங்காது என்று சொல்வதற்கான ஆதாரம் 1929-க்குள் அச்சில் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1930-31 பருவத்தில் மட்டும் தென்துருவக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் அந்த இனத்துக்கு முழுப் பாதுகாப்பு வழங்கியது 1960-களின் நடுவில்தான். தெரியாமல் நடந்த அழிவு அல்ல அது. எழுதிவைத்ததைப் படித்தவர்கள் செவிசாய்க்கவில்லை. குற்றத்தை யார்மேல் எவ்வளவு வைப்பது என்பதைத் தோழர்கள் விவாதிக்கட்டும். நீங்கள் ஆண்டுகளையும் எண்களையும் அவர்கள் முன் வைத்துவிடுங்கள்.

செவிப்பறை சொன்ன மெழுகடைப்புக்கு இதோடு நேரடித் தொடர்பு உண்டு. வயதறிய எடுத்துவைத்த அந்த அடைப்புகள் இலண்டனிலும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியனிலும் தூக்கியெறியப்படாமல் கிடந்தன. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றின் ஒவ்வோர் அடுக்கையும் பிரித்து, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டைத் தொட்ட அந்தப் பதிவில், வேட்டை ஓங்கிய ஆண்டுகளில் கார்டிசோலும் ஓங்கியிருந்தது. வேட்டை குறைந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அது உயர்ந்தே இருந்தது என்பது அவர்கள் கண்ட இன்னொரு செய்தி. போர்க்கப்பல்களும் குண்டுவெடிப்புகளும் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். 1950-களில் அந்த மெழுகைப் புட்டியில் போட்டு, எந்தத் திமிங்கிலம், எங்கே, எந்த நாள் என்று சீட்டு எழுதி ஒட்டியவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரிந்திருக்க வழியில்லை. வேட்டையில் உயிரிழந்த விலங்கு பட்ட துன்பத்துக்குச் சாட்சி, அந்தச் சீட்டின் தயவால் இன்று நம்மிடம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை ஃபிரேசர் போன்றவர்களைப் பாராட்ட இதைவிட வலுவான காரணம் இல்லை.

கறுவாத்தோட்டம்

வணக்கம். கொழும்பிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையில் எங்கள் நூதனசாலையைச் சேர்ந்த ஒருவரையும் நினைவுகூர வேண்டும் என்று தோன்றியது, ஏனெனில் ஒரே மாதிரியை வைத்துப் பெயரிடுவது பற்றிய விவாதத்துக்கு அவருடைய கதை நேராகப் பொருந்துகிறது.

1939 முதல் 1963 வரை இலங்கைத் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர் போலஸ் தெரணியகல. ஆமைகள், முதலைகள், தொல்லுயிர் எச்சங்கள் என்று பல துறைகளில் எழுதியவர். 1963 ஜனவரியில் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானைக் கரையில் ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமுள்ள பெண் அலகுத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. அதை அவர் புதிய இனம் என்று அதே ஆண்டில் நூதனசாலையின் ஆய்விதழில் அறிவித்தார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் வேறு ஆய்வாளர்கள் அது 1958-இல் ஜப்பானிலிருந்து விவரிக்கப்பட்ட ஜிங்கோப்பல் திமிங்கிலமே என்று தீர்மானித்து, அவர் வைத்த பெயரைத் தள்ளிவிட்டார்கள். அலகுத் திமிங்கிலங்களில் இனம் பிரிப்பதற்கு முதன்மையான அடையாளம் வளர்ந்த ஆணின் கீழ்த்தாடைப் பல். இவர் கையில் கிடைத்ததோ பெண். ஆகவே அன்றைய மறுப்பை நியாயமற்றது என்று சொல்ல முடியாது.

தெரணியகல 1976-இல் காலமானார். 2014-இல் மெரெல் டாலபூட் தலைமையிலான குழு, இரத்மலானை விலங்கின் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவையும், பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் வெவ்வேறு தீவுகளில் கிடைத்த மாதிரிகளையும் ஒப்பிட்டது. மொத்தம் ஏழு மாதிரிகள். அவை ஜிங்கோப்பல் திமிங்கிலத்திலிருந்து வேறுபட்ட தனி இனம் என்று தெளிந்தது; தெரணியகல சூட்டிய பெயர் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

தங்கைக்கு ஒரு யோசனை. ஃபிரேசருக்குப் பதினைந்து ஆண்டுகளில் கிடைத்த உறுதி, தெரணியகலவுக்கு ஐம்பத்தொரு ஆண்டுகள் கழித்து, அவர் இல்லாத காலத்தில் கிடைத்தது. இருவரும் மாதிரியை எந்தக் கரையில் எடுத்தது என்பது வரை அச்சில் பதிவுசெய்திருந்ததால்தான் பின்வந்தவர்கள் சரிபார்க்க முடிந்தது. நேரம் இருந்தால், சரவாக் மண்டையோட்டின் மேலண்ணத்தையும் ஓர் அலகுத் திமிங்கில ஆணின் கீழ்த்தாடையையும் ஒரே திரையில் அருகருகே காட்டி, எந்தக் குறியைப் பார்க்கவேண்டும் என்று அவையோரிடமே கேட்டுப் பாருங்கள். எலும்பை வைத்து என்ன சொல்ல முடியும், எதைச் சொல்லத் தயங்கவேண்டும் என்பதை அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள்.